முதலில் முட்டை மிதக்கட்டும், வேலையின் பெயர் அப்புறம்

ஆறு வயதுப் பிள்ளையிடம் "பெரியவனானதும் என்னவாகப் போற?" என்று கேட்டால் டாக்டர், போலீஸ் என்று சொல்லும். கொஞ்சம் யோசித்துவிட்டு பஸ் டிரைவர் என்று சேர்த்துக்கொள்ளும். அது நேரில் பார்த்த ஆட்கள் அவ்வளவுதான். விஞ்ஞானி என்றால் வெள்ளைக் கோட்டு போட்ட படம். காவிரி டெல்டாவில் இருக்கிற நமக்கு அந்தப் படமே தேவையில்லை. விதைநெல் மூட்டையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: வேலையைக் கையால் செய்து பார்த்த பிறகுதான் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரை முதலில் சொன்னால் அது பாடமாகிவிடும், பிள்ளை எழுந்து ஓடிவிடும்.

முதல் நாள்: உப்புத் தண்ணீரும் விதைநெல்லும்

வேண்டியவை: ஒரு லிட்டர் தண்ணீர், கல் உப்பு, புதிய கோழிமுட்டை ஒன்று, இரண்டு கைப்பிடி நெல். உரக்கடையில் மருந்து கலந்து விற்கிற விதை வேண்டாம், வீட்டு நெல்லே போதும்.

முட்டையைத் தண்ணீரில் விடுங்கள். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இப்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்கச் சொல்லுங்கள். முட்டை மேலே வந்து, காசு அளவுக்கு அதன் ஓடு வெளியே தெரியும்போது நிறுத்திவிடலாம். லிட்டருக்கு 150 கிராம் உப்பு வரை பிடிக்கும். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுங்கள். பதரும் கருக்காயும் மேலே மிதக்கும், முற்றிய மணி அடியில் தங்கும். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

"புதிய முட்டை" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை நான் ஃபிரிட்ஜ் மூலையில் கிடந்த முட்டையை எடுத்துவந்தேன். உப்பே போடவில்லை, அது பாட்டுக்கு மிதந்தது. "சித்தி, இதுக்கு உப்பு எதுக்கு?" என்று அக்கா மகன் கேட்டான். மானம் போயிற்று. நாளாக ஆக முட்டைக்குள் இருக்கிற ஈரம் ஓட்டின் நுண்துளை வழியாக வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாகும், அதனால்தான் மிதக்கிறது என்று சமாளித்தேன். அவனுக்கு நெல்லைவிட இதுதான் பிடித்திருந்தது.

அடுத்த வாரம்: எண்ணிப் பார்ப்பது

அலசிய நெல்லில் சரியாக 100 மணியை எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி வையுங்கள். துணி காயக் கூடாது. ஒரு வாரம் கழித்துப் பிரித்து, முளைத்ததை எண்ணச் சொல்லுங்கள். 87 முளைத்திருந்தால் முளைப்புத்திறன் 87 சதவீதம். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 இருக்க வேண்டும். பிள்ளை தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

பெயரைச் சொல்ல இதுதான் நேரம். விதைப் பரிசோதனை நிலையத்தில் இதையே தினமும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சம்பளமும் உண்டு என்று சொல்லுங்கள். வயலில் அடிக்கடி காதில் விழுகிற ஏடிடி 43-ஐயும் இழுத்துவிடலாம். ஏடிடி என்பது ஆடுதுறையின் சுருக்கம். அங்கே 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம் அது. கோ 51 நெல் ரகத்தில் வரும் 'கோ' கோயம்புத்தூர். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 1925-இல் கும்பகோணத்தில் பிறந்தவர் என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். அதற்குமேல் நீட்டினால் கொட்டாவிதான்.

மண் பாட்டில்

இது சுலபம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு வயல்மண், மீதிக்குத் தண்ணீர். மூடி, நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாள் வரைகூடக் கலங்கலாகவே நிற்கும். ஆற்றுப்படுகை மண்ணையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இதைச் செய்கிறவர் மண்ணியல் ஆய்வாளர்.

மழை அளப்பது

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிடுங்கள். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே கோடு போட்டு 0 என்று எழுதுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஸ்கேலை ஒட்டிவிடலாம். மரமும் ஓட்டுத் தாழ்வாரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளவெடுக்கும், நீங்களும் அதே நேரத்தில் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எடுத்ததும் தண்ணீரை மறுபடி 0 கோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். தாத்தாவின் வயலுக்கு எவ்வளவு விழுந்தது என்று கணக்குப் போட்டால் பிள்ளை வாயைப் பிளக்கும்.

கடைசியாக, ஆளைப் பார்ப்பது

தெரிந்த வேளாண் அலுவலரோ பொதுப்பணித் துறைப் பொறியாளரோ இருந்தால் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். "எப்படிப் படித்தீர்கள்?" என்று கேட்டால் அறிவுரைதான் வரும். "காலையில வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?", "எப்பவாவது தப்பாப் போயிருக்கா?" என்று பிள்ளையையே கேட்க விடுங்கள்.

அக்கா மகன் மழை நோட்டை இன்னும் விடவில்லை. மழை இல்லாத நாளில் எழுத என்ன இருக்கிறது என்று முதலில் சண்டை போட்டான். இந்த மாதம் முழுக்க 0, 0 என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் 'தூங்கிட்டேன்' என்று இருக்கிறது.