பிள்ளைகளுக்குப் பேய்ப் பாட்டு: பியானோவில் பயத்தையும் குறும்பையும் சேர்த்துப் பழக்குவது எப்படி

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டு முன் அறையில் பின்னேரங்களில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு வருடம் ஆவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "டீச்சர், பேய்ப் பாட்டு ஒன்று சொல்லித்தாங்களன்." முன்பெல்லாம் "முதலில் ஸ்கேலை முடி" என்று தள்ளிப்போட்டேன். இப்போது கேட்ட அன்றே தொடங்கிவிடுகிறேன். மெதுவாக வாசிக்கவும், விரலைச் சட்டென்று எடுக்கவும், சத்தமில்லாத எண்ணிக்கையைப் பொறுத்திருந்து எண்ணவும் பிள்ளை தானே ஆசைப்படுவது இந்தப் பாட்டுகளில்தான்.

முதலில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். பேய் என்றதும் பிள்ளை பியானோவின் இடது ஓரத்துக்குப் போய் இரண்டு கையாலும் குத்தும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அப்படிக் குத்திவிட்டு, "பயமா இருக்கா டீச்சர்?" என்றான். "இல்லையே மனே, உங்கட அம்மம்மா பேய்க்கதை எப்படிச் சொல்லுவா?" என்று கேட்டேன். அவன் அப்படியே செய்து காட்டினான். கொள்ளிவாய்ப் பிசாசு வயல் வரம்பால் வந்ததாம், வந்து வாசலில் நின்றதாம்... அந்த இடத்தில் அம்மம்மா நிறுத்திவிட்டு வெற்றிலையைக் கிள்ளி வாயில் போடுவாவாம். "அப்ப நீ என்ன கேப்பாய்?" "மறுகா?"

'பிறகு என்ன?' என்கிற அந்த 'மறுகா'தான் வேண்டும். கேட்பவருக்குப் பயம் வருவது அந்த இடைவெளியில். அன்றிலிருந்து பேய்ப் பாட்டின் தாளில் முக்கியமான ரெஸ்ட் (சத்தமில்லாமல் எண்ணும் இடம்) ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் 'ம' என்று எழுதிக்கொடுக்கிறேன். அந்த இடத்தில் பிள்ளை கையைக் கீயின் மேலேயே வைத்திருக்க வேண்டும், கண் தாளை விட்டுப் போகக் கூடாது. எண்ணிக்கை உள்ளே ஓட வேண்டும். இரண்டு எண்ணிக்கை என்றால் இரண்டேதான். ஒன்றரையில் பாய்ந்தால் பேய் ஓடிவிடும். முதல் வாரம் நானே பக்கத்தில் இருந்து தொடையில் தட்டி எண்ணுகிறேன்.

சரி, இனி விரல். குறும்பு வருவது ஸ்டக்காட்டோவில். சுரத்தைத் தொட்டதும் விடுவது என்று சொன்னால் பிள்ளைகள் மணிக்கட்டை உயரத் தூக்கி அடிப்பார்கள். சத்தம் பெரிதாகும், கெதியாக வாசிக்கவும் முடியாது. நான் இப்படிச் சொல்கிறேன்: பல்லி சொன்னால் வீட்டில் என்ன செய்வீர்கள்? விரல் நுனியால் நிலத்தில் மூன்று முறை தட்டுவோம். கை ஆடாது, விரல் மட்டும்தான் தட்டும். அதையே கீயின் மேல் செய்யுங்கள். விரல் நுனி கீயைத் தொட்டபடியே தொடங்க வேண்டும், மேலிருந்து விழக் கூடாது. தட்டியதும் விரலை உள்ளங்கைப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சுரத்தில் மூன்று தட்டு, அடுத்த சுரத்தில் மூன்று தட்டு என்று ஐந்து விரலுக்கும் தினமும் இரண்டு நிமிடம் செய்தால் போதும். கட்டை விரல்தான் கடைசியாகத் திருந்தும். அதற்குக் கூடுதலாக ஒரு வாரம் கொடுங்கள்.

அடுத்தது சுரங்கள். எங்கள் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதமும் படிப்பதால் எனக்கு இந்த இடம் சுலபம். மேலைத்தேய சங்கீதத்தில் ஹார்மோனிக் மைனர் என்பது நம்முடைய கீரவாணியின் சுரங்கள்தான். ஏ மைனரில் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி ஷார்ப். எஃபுக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டும்போதே முதுகு சில்லிடும். டி-யை டி ஷார்ப் ஆக்கினால், அதாவது சுத்த மத்யமத்தைப் பிரதி மத்யமமாக மாற்றினால், சிம்மேந்திரமத்யமம் வந்துவிடும். ஏ-யையும் டி ஷார்ப்பையும் சேர்த்து அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேராமல் முறைத்துக்கொண்டு நிற்கும். இந்த இடைவெளியை ட்ரைடோன் என்பார்கள். பெயரை விடுங்கள், காதில் ஏறினால் போதும்.

இப்போது பிள்ளையோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பாட்டைக் கட்டுங்கள். நான் பழக்குகிற முதல் பாட்டு ஒன்பது பார் (தாளக் கட்டம்) நீளம், பாருக்கு நான்கு எண்ணிக்கை. இடது கை ஏ, ஈ, எஃப், ஈ, எண்ணிக்கைக்கு ஒரு சுரம், பல்லித் தட்டு, மிக மெல்லிய சத்தம். ச ப த ப என்று பாடிக்கொண்டே வாசித்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். இரண்டு பார் அது மட்டும் தனியாக நடக்கட்டும், யாரோ முற்றத்தில் நடப்பது போல. மூன்றாவது பாரில் வலது கை ஏ, பி, சி என்று மூன்று சுரம் ஏறி, நான்காவது எண்ணிக்கையில் நிற்கும். நான்காவது பாரில் டி ஷார்ப், இரண்டு எண்ணிக்கை நீட்டி, மீதி இரண்டும் 'ம'. இடது கை இந்த நேரமெல்லாம் நிற்காது. ஐந்தாவது பார் மூன்றாவதைப் போலவே. ஆறாவதில் டி ஷார்ப் ஒன்று, ஈ ஒன்று, பிறகு இரண்டு 'ம'.

ஏழாவது பாரில் இடது கை திடீரென்று நின்றுவிட வேண்டும். அதுவரை காதுக்குப் பழகிய நடை இல்லாமல் போவதுதான் இந்தப் பாட்டின் பெரிய பயம். வலது கை ஜி ஷார்ப், பி, டி, எஃப் என்று ஒவ்வொன்றாக ஏறும். கை பெரிய பிள்ளை நான்கையும் சேர்த்துப் பிடிக்கலாம், அதற்கு டிமினிஷ்ட் செவன்த் என்று பெயர். எட்டாவது பார் முழுவதும் சத்தமே இல்லை. ஒன்பதாவதில் ஆகக் கீழே ஒரு ஏ, சின்ன விரலால், பஞ்சில் குத்துவது போல. கடைசியை ஓங்கி அடிக்கத்தான் எல்லாப் பிள்ளைக்கும் ஆசை. இரண்டு விதமாகவும் வாசித்து, போனில் பதிந்து, கேட்டுவிட்டுத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் மெல்லிய முடிவையே எடுக்கிறார்கள்.

வீட்டில் 61 கீ உள்ள கீபோர்ட் மட்டும் இருக்கிறதே என்று பெற்றோர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. விரல் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையாத கீபோர்ட் என்றால், மெல்லியது பெரியது என்ற வேலையை விட்டுவிட்டு, நீளம் குறுக்கம், உயரம் தாழ்வு, இடைவெளி இந்த மூன்றிலும் விளையாடுங்கள். பாட்டு நிற்கும். பேய்ச் சத்தம் வரும் என்று ஆர்கனையும் கூட்டுக் குரலையும் தேடாமல் பியானோ சத்தத்திலேயே பழகட்டும்.

மரப் பியானோ கிடைத்தால் ஒரு வேலை செய்து காட்டுங்கள். கீழே உள்ள ஒரு சி-யைச் சத்தம் வராமல் மெள்ள அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தபடியே, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் சி-யை வெட்டி அடித்து விரலை எடுத்துவிட வேண்டும். அடித்த சுரம் போன பிறகும் உள்ளிருந்து ஒரு ஓசை வந்துகொண்டே இருக்கும். யாரும் அடிக்காத கம்பி, பக்கத்துக் கம்பியின் அதிர்வில் தானாகப் பாடுகிறது. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்களே, அந்த மாதிரி. இதைக் கேட்ட பிள்ளை பியானோவுக்குள் தலையை விடாமல் இருந்ததில்லை. மூடியைத் திறந்து காட்டுங்கள். மாரி மழைக்கு ஈரம் ஏறிக் கீ ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எழும்பாத கீயில் பல்லித் தட்டு வராது.

சொந்தப் பாட்டு ஓடிய பிறகு பெரியவர்கள் எழுதியதைக் கொடுக்கலாம். ரஷ்ய இசையமைப்பாளர் கபலெவ்ஸ்கி பிள்ளைகளுக்கு எழுதிய தொகுப்பில் உள்ள 'கோமாளிகள்' நல்ல தொடக்கம். சி-யும் சி ஷார்ப்பும் மாறி மாறி வந்து, சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் மேஜருக்கும் மைனருக்கும் நடுவே துள்ளும். சைகோவ்ஸ்கி 1878 இல் பிள்ளைகளுக்கென்று எழுதிய 24 பாட்டுகளில் சூனியக்காரி பாபா யகாவும் இருக்கிறாள், நோயுற்ற பொம்மையும் அந்தப் பொம்மையின் சவ அடக்கமும் இருக்கின்றன. இந்த இருவரின் தொகுப்புக்கும் ஓபஸ் எண் (படைப்பு வரிசை எண்) 39 என்பதால் தாள் எடுக்கும்போது எழுதியவர் பெயரையும் பாருங்கள். கிரீக்கின் 'மலை அரசனின் மண்டபத்தில்' எல்லோரும் கேட்கிற பாட்டு. மெல்லத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகள் தொடக்கத்திலேயே பறந்துவிட்டுப் பிறகு போக இடமில்லாமல் முட்டுவார்கள். கடைசிப் பக்கத்தைப் பிழையில்லாமல் எந்த வேகத்தில் வாசிக்க முடிகிறது என்று மெட்ரோனோமில் (நிமிடத்துக்கு இத்தனை என்று தட்டிக் காட்டும் தாளக் கருவியில்) பாருங்கள். 132 என்றால், தொடக்கத்தை 72 இல் வையுங்கள்.

பொம்மையின் சவ அடக்கத்தை மட்டும் யோசித்துக் கொடுங்கள். அதன் நடையைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகளுக்குச் சாவீட்டுப் பறைமேளம்தான் ஞாபகம் வரும். அம்மம்மாவின் 31ஆம் நாள் சடங்கு முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைக்கு, விசாரிக்காமல் நான் அதைக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது வரியில் கையை எடுத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். தாளை மூடிவிட்டு இருவரும் தேத்தண்ணீர் குடித்தோம். யுத்தமும் 2004 சுனாமியும் கடந்த ஊர் இது. பிள்ளை பிறக்கும் முன் நடந்ததும் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்கும். அதனால் இப்போது செத்தவர்களை விட்டுவிட்டு, இல்லாத பூதங்களையும் ஆந்தைகளையும் குறளிகளையும்தான் முதலில் கொடுக்கிறேன். மற்றதைப் பிள்ளை தானாகக் கேட்டால் பார்க்கலாம்.

பாட்டு முடிந்ததும் பெயர் வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். 'கிணற்றடிப் பூனை', 'கரண்ட் போன இரவு', 'ஆட்காட்டி யாரைக் கண்டது' என்று என் கொப்பியில் அழகான பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. பெயர் வந்த பிறகு ஒரு தடவை வாசிக்கச் சொன்னால், அதுவரை பத்துத் தடவை சொல்லியும் வராத மெல்லிய சத்தம் தானாக வரும். அப்புறம் அந்தப் பெயரையும் தேதியையும் தாளின் தலைப்பில் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதவிடுங்கள்.