மருந்து மறைந்துவிட்டால் நீர் தூய்மையாகிவிடுமா?

தென்னாப்பிரிக்காவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி. மருந்துகளை உட்கொள்கின்றனர். அவற்றுள் நெடுங்காலம் பரவலாக வழங்கப்பட்ட எஃபாவிரென்ஸ், டர்பன் நகரை உள்ளடக்கிய குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கழிவுநீரில் கண்டறியப்பட்டுள்ளது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் இத்தகைய மருந்துகளை உடைப்பதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே நீரில் மின்வாய்களை (மின்முனைகளை) அமிழ்த்தி, மின்சாரம் செலுத்தி மருந்தைச் சிதைக்கும் மின்வேதி முறையை நாடும் இளம் ஆய்வாளர்கள் இங்கே பலர் உள்ளனர். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறுகள் சில.

முதலாவது, பகுப்பாய்வுக் கருவியின் வரைபடத்தில் மருந்துக்குரிய முகடு மறைந்தவுடன் வெற்றி என்று எழுதிவிடுவது. எடுத்துக்காட்டாக, வலிப்புநோய் மருந்தான கார்பமாசெபினின் மூலக்கூறு ஒன்றை முற்றிலும் கரியமில வாயுவாகவும் நைட்ரேட்டாகவும் மாற்ற 80 எலக்ட்ரான்களை நீக்க வேண்டும். முகடு மறைவதற்கோ ஓரிரண்டு எலக்ட்ரான்களே போதும். இடையில் பிறக்கும் துணைப் பொருள்கள் தாய்மருந்தைவிடத் தீங்கானவையாகவும் இருக்கக்கூடும். எனவே மொத்தக் கரிமக் கார்பனையும் உயிரி நச்சுத்தன்மையையும் அளந்தே தீர வேண்டும். எஃபாவிரென்ஸில் ஃபுளோரின் இருப்பதால், நீரில் ஃபுளோரைடு அயனி எவ்வளவு விடுபட்டது என்பதும் நல்ல சான்று.

இரண்டாவது தவறு குளோரைடை மறப்பது. காய்ச்சி வடித்த நீரில், மின்சாரம் கடப்பதற்காகச் சோடியம் சல்பேட்டைக் கரைத்துச் சோதித்தவர், உண்மையான கழிவுநீரைக் கலத்தில் ஊற்றியதும் நீச்சல் குளத்து வாடை எழக் கண்டு திகைப்பார். சிறுநீரும் சமையல் உப்பும் கலந்த நீராயிற்றே! நேர்மின்வாயில் உருவாகும் குளோரின் சில மருந்துகளை விரைவாகச் சிதைப்பது உண்மைதான். ஆனால் அது கரிமப் பொருள்களோடு சேர்ந்து புதிய குளோரின் சேர்மங்களையும் உண்டாக்குகிறது. போரான் கலந்த வைர மின்வாயாக இருந்தால் குளோரைடு படிப்படியாகக் குளோரேட்டாகவும், பிறகு தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும் பெர்குளோரேட்டாகவும் மாறுகிறது. மின்னோட்டத்தையும் நேரத்தையும் கூட்டினால் இந்தச் சிக்கல்தான் பெருகும்.

கூட்டுவதால் பயனும் குறைவு. கழிவுநீரில் மருந்து லிட்டருக்கு நானோகிராம் முதல் மைக்ரோகிராம் அளவிலேயே இருப்பதால், மூலக்கூறு மின்வாயை வந்தடையும் வேகமே எல்லையாகிவிடுகிறது. மிகுதியான மின்சாரம் ஆக்சிஜன் குமிழிகளாக வீணாகிறது. லிட்டருக்குப் பல மில்லிகிராம் கரைத்துப் பெற்ற ஆய்வக முடிவை ஆற்றுநீருக்கு நீட்டிப்பது, என் கருத்தில், எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம். சவ்வு வடிகட்டியில் தேங்கும் செறிந்த நீரிலோ மருத்துவமனைக் கழிவிலோ முறையைப் பொருத்துவது பொருத்தமானது.

எதிர்மின்வாயில் கெட்டிலின் அடியில் படிவதுபோல் வெண்சுண்ணம் படியும். துருவங்களை அவ்வப்போது மாற்றுவதோ மென்மையான அமிலத்தில் கழுவுவதோ அவசியம். விலை மலிவென்று ஈய டை-ஆக்சைடு மின்வாயைத் தேர்ந்தவர், வெளியேறும் நீரில் ஈயத்தையும் அளக்க வேண்டும்.