அபார்ட்மென்டில் அக்கம்பக்கம்: போனை வைத்து உறவை வளர்க்கும் வழி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று டெல்டா நகரங்களிலும் இப்போது அபார்ட்மென்டுகள் வந்துவிட்டன. பிள்ளைகள் படிப்புக்காகக் கிராமத்தை விட்டு வந்தவர்கள், மகனோ மகளோ சிங்கப்பூரில் இருக்கத் தனியாக வசிக்கும் பெரியவர்கள் எல்லாரும் ஒரே படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். ஆனால் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. திண்ணையில் தானாக நடந்த அறிமுகத்தை இங்கே யாராவது முன்நின்று நடத்த வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருங்கள்.

1. பட்டியல் எடுங்கள்

கூகுள் ஃபார்ம்ஸில் இலவசமாக ஒரு படிவம் உருவாக்குங்கள். வீட்டு எண், பெயர், போன், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர், இவ்வளவு போதும். ஆதார் எண் கேட்காதீர்கள், நமக்கு அது தேவையே இல்லை. கடைசியாக ஒரு கேள்வி: "அக்கம்பக்கத்தாருக்கு உங்களால் என்ன உதவி செய்ய முடியும்?" என்னைக் கேட்டால் படிவத்தின் உயிரே இதுதான். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற நர்ஸ் இருப்பதும், தரைத்தளத்து மாமா பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தருவார் என்பதும் இப்படித்தான் வெளியே வரும். பதில்கள் சேரும் ஷீட்டைக் குடியிருப்போர் சங்கச் செயலாளரும் இன்னொருவரும் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். போன் இல்லாத வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டு நீங்களே நிரப்புங்கள்.

2. வாட்ஸ்அப் கம்யூனிட்டி

ஒரே குரூப்பில் எல்லாவற்றையும் போட்டால், "நாளை மோட்டார் ரிப்பேர், தண்ணீர் பிடித்து வைக்கவும்" என்ற செய்தி காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போகும். அதனால் வாட்ஸ்அப்பில் பல குரூப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் 'கம்யூனிட்டி' உருவாக்குங்கள். அறிவிப்புக் குரூப் அதிலேயே தானாக வந்துவிடும். அட்மின்கள் மட்டுமே அதில் எழுத முடியும். தண்ணீர், மின்வெட்டு, கூட்டம் மூன்றும் அங்கே. அரட்டைக்கு ஒன்று, விளையாடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று என்று தனிக் குரூப்புகளை அதன் கீழே சேர்த்துவிடுங்கள். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்காக, முக்கியமான அறிவிப்பை அரை நிமிட வாய்ஸ் மெசேஜாகவும் போடுங்கள்.

அரசியலும் ஃபார்வர்டும் வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

3. மொட்டை மாடிக்கு வரவழையுங்கள்

போனிலேயே பேசிக்கொண்டிருந்தால் உறவு வளராது. ஆடிப்பெருக்கு இதற்கு வாகான நாள். நம் ஊரில் அன்று கலந்த சாதம் இல்லாத வீடு ஏது? அரட்டைக் குரூப்பில் 'போல்' (வாக்கெடுப்பு) ஒன்று போடுங்கள்: புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல், வடாம்-ஊறுகாய். யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெயரோடு தெரியும். புளியோதரைக்கு ஆறு வீடு இருந்து, தயிர் சாதத்துக்கு ஒருவரும் இல்லையென்றால், அந்த ஆறு பேரில் இருவரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பேச்சே அறிமுகம்தான். சமைக்க முடியாதவர்கள் வாழை இலையோ தண்ணீர் கேனோ கொண்டுவரட்டும். வெறுங்கையோடு வர வேண்டுமே என்று கூச்சப்பட்டு யாரும் வீட்டிலேயே தங்கிவிடக் கூடாது.

4. கணக்கு

பராமரிப்புத் தொகையை யுபிஐ வழியாகச் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள், தனிநபர் எண்ணில் வேண்டாம். மாதம் முடிந்ததும் வரவு செலவை அறிவிப்பில் போடுங்கள். பாக்கி வைத்தவர் பெயரைப் பொதுவில் எழுதாதீர்கள், நேரில் கேளுங்கள்.

5. கேட் ஆப் தேவையா?

மைகேட், நோபுரோக்கர்ஹுட் போன்றவை வருபவரைப் பதிவு செய்யும், வாட்ச்மேன் வழியாக உங்களிடம் அனுமதி கேட்கும். பல பிளாக்குகள் உள்ள இடத்துக்கு நல்லது. இருபது வீடு மட்டும் உள்ள இடத்துக்கு இதுவரை சொன்ன வழிகளே தாராளம்.

6. காகிதத்திலும் ஒன்று

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சார்ஜ் போன போனில் எந்த ஆப்பும் உதவாது. எனவே பட்டியலை அச்சிட்டுச் செயலாளர் வீட்டிலும் வாட்ச்மேன் அறையிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் உள்ள வீடுகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டார் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.