தேய்ந்துபோன பேய்க் காட்சியைப் புதிதாக எழுதுவது எப்படி?

பேய்ப்படத்துக்குத் திரைக்கதை எழுத உட்காரும் பலர், எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று முதலில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறார்கள். பாழடைந்த பங்களா, கிரீச்சிடும் கதவு, நள்ளிரவில் போகும் மின்சாரம், பொம்மையோடு பேசும் குழந்தை என எல்லாவற்றையும் நீக்கிவிட்டால், எந்த இடத்தில் பயப்படத் தொடங்குவது என்றே பார்வையாளருக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே தேய்வழக்கை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பழைய காட்சியை முதலில் அப்படியே எழுதிப் பாருங்கள். நாயகி குளியலறையின் கண்ணாடி அலமாரியைத் திறந்து மாத்திரையை எடுத்து மூடுகிறாள். பின்னால் ஓர் உருவம் நிற்கிறது. அவள் அலமாரியில் கை வைத்த உடனேயே திரையரங்கில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள். உருவமே வராமல் ஏமாற்றுவதும் இன்று பழகிப்போன தந்திரம்தான். அதற்குப் பதிலாக, அவளுக்குக் கிட்டப்பார்வை என்பதையும் மூக்குக்கண்ணாடியைக் கட்டிலருகே கழற்றி வைத்துவிட்டாள் என்பதையும் முந்தைய காட்சியிலேயே காட்டிவிடுங்கள். இப்போது மங்கலாகத் தெரியும் உருவத்தைக் கணவர் என்று நினைத்து, "இன்னும் தூங்கலையா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததைப் பொருட்படுத்தாமல் அவள் பல் துலக்கிக்கொண்டிருப்பாள். இடமும் உருவமும் பழையவையே. அலற வேண்டியவள் அலறவில்லை என்பதால் அந்தச் சுமை பார்வையாளர்மேல் விழுகிறது.

காட்சியில் நிற்கும் ஆள் யார் என்பதை மாற்றினாலும் இது நடக்கும். ஜோர்டன் பீல் இயக்கிய 'கெட் அவுட்' (2017) படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கடைசியில் காவல்துறை வாகனம் வருவதைவிடத் தேய்ந்த முடிவு கிடையாது. ஆனால் அங்கே இரத்தம் படிந்த கைகளோடு நிற்பவர் ஒரு கறுப்பின இளைஞர் என்பதால், சுழலும் விளக்கைக் கண்டதும் நிம்மதிக்குப் பதிலாகப் பதற்றமே வருகிறது. வந்தவர் நண்பர் என்று பிறகுதான் தெரிகிறது.

இடத்தையும் மாற்றலாம். 'யாவரும் நலம்' (2009) பேய் வீட்டுக் கதையை அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுவந்து, குடும்பத்தார் தினமும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடருக்குள் அந்த அச்சத்தை ஒளித்து வைத்தது.

பேய்க்கு ஒரு விதி வகுத்துவிட்டால் அதை உங்கள் வசதிக்காக மீறாதீர்கள். 'இட் ஃபாலோஸ்' (2014) படத்தில் துரத்தும் உருவம் ஓடுவதில்லை, நடந்தே வருகிறது. அதனால் ஒவ்வொரு ஷாட்டிலும் தொலைவில் நடப்பவர்களையே நம் கண் தேடுகிறது. 'எ கொயட் பிளேஸ்' (2018) படத்தில் சத்தம் கேட்டால் மரணம் என்பது விதி. துணி மூட்டை சிக்கியதால் மாடிப்படியில் ஓர் ஆணி நிமிர்ந்து நிற்கிறது. அதன் பிறகு அந்தப் படியில் யார் இறங்கினாலும் நமக்குக் கால் கூசுகிறது. இத்தனைக்கும் அது வெறும் ஆணி.

முழுப் பிரதியும் தயாரான பிறகு, திடீர் ஓசையை மட்டுமே நம்பியிருக்கும் இடங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒலியே இல்லாமல் திரும்ப எழுதுங்கள்.