கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் மோசடியின் அறிகுறிகளைக் கண்டறிவது எப்படி?

பிட்காயின் போன்ற மின்னணு நாணயங்களை வாங்கி விற்கும் தளமான கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒன்றை நம்பலாமா என்று ஆராய்பவர் முதலில் பார்க்க வேண்டியது பணம் வெளியே வரும் வழியைத்தான். உள்ளே வாங்கிக்கொள்ள எந்தத் தளமும் தாமதிப்பதில்லை. திரையில் தெரியும் இருப்புத்தொகை, தளம் தன் கணினியில் எழுதி வைத்திருக்கும் ஓர் எண். அதற்கு ஈடான நாணயங்கள் உண்மையில் உள்ளனவா என்பது, எடுக்க முயலும்போதுதான் தெரியவரும்.

கனடாவின் குவாட்ரிகா சிஎக்ஸ் தளத்தில் 2018ஆம் ஆண்டு முழுவதும் பணம் எடுப்பதில் தாமதம் இருந்தது. வங்கியோடு தகராறு என்று காரணம் சொல்லப்பட்டது. அப்படியொரு தகராறு நிஜமாகவே இருந்ததால் பலரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனர் ஜெரால்டு காட்டன் ஜெய்ப்பூரில் இறந்தார். நாணயங்களைத் திறக்கும் கடவுச்சொற்கள் அவர் ஒருவருக்கே தெரியும் என்று அடுத்த மாதம் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2020இல் வெளியான ஒன்டாரியோ பங்குப் பத்திர ஆணையத்தின் அறிக்கை வேறு கதையைச் சொன்னது. காட்டன் புனைபெயர்களில் கணக்குகளைத் தொடங்கி, இல்லாத பணத்தை அவற்றில் வரவு வைத்து, அதைக் கொண்டு வாடிக்கையாளர்களின் உண்மையான சொத்துகளை வாங்கியிருந்தார். 76,000க்கும் மேற்பட்டோருக்குக் குறைந்தது 16.9 கோடி கனடிய டாலர் இழப்பு. நிறுவனம் முறையான கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கவில்லை. 2016க்குப் பிறகு அதை நடத்தியது ஏறக்குறைய ஒரே மனிதர். இந்த இரண்டையும் வெளியிலிருந்தே ஓரளவு விசாரித்திருக்க முடியும் என்பதுதான் வருத்தத்திற்குரியது.

ஆகவே, பணம் போட்ட சில நாள்களிலேயே ஒரு பகுதியை உங்கள் வங்கிக் கணக்குக்கு எடுத்துப் பாருங்கள். போலிச் செயலிகள் நம்பிக்கையை வளர்ப்பதற்காகச் சிறு தொகையைத் தாராளமாகத் தந்துவிடும் என்பதால், ஒருமுறை வந்ததை மட்டும் வைத்து முடிவுசெய்யாமல், தொகையைக் கூட்டி மறுபடியும் எடுத்துப் பார்ப்பது அவசியம். 'வரி கட்டினால்தான் எடுக்க முடியும்' என்று தனியாகப் பணம் கேட்டால், அது மோசடி என்றே கொள்ளலாம். இந்தியாவில் 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 1 விழுக்காடு டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கப்படும் வரி), விற்ற தொகையிலிருந்தே பிடிக்கப்படுவது. அதற்காக நீங்கள் புதிதாகப் பணம் அனுப்ப வேண்டியதில்லை.

தளம் தானே வெளியிட்ட நாணயத்தை வாங்கச் சொல்லித் தூண்டினாலும் எச்சரிக்கை தேவை. 2022 நவம்பரில் வீழ்ந்த எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச், வாடிக்கையாளர் பணத்தைத் தன் சகோதர நிறுவனமான அலமேடாவுக்குத் திருப்பிவிட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் சொத்துகளில் கணிசமான பங்கு எஃப்டிஎக்ஸ் தானே உருவாக்கிய எஃப்டிடி நாணயமாக இருந்தது. தன்னிடம் போதிய சொத்து இருப்பதாக ஒரு தளம் சான்று காட்டினாலும், கையிருப்பை மட்டும் காட்டி, வாடிக்கையாளர்களுக்கும் பிறருக்கும் தர வேண்டிய கடனை மறைக்கும் எந்தச் சான்றும் பாதிச் சான்றுதான்.

இந்தியாவில் சேவை வழங்கும் எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச் முதல் ஒன்றிய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவுசெய்ய வேண்டும். பதிவு இருப்பது உங்கள் பணத்திற்கு உத்தரவாதம் ஆகாது. பதிவே இல்லாத தளத்தை ஒதுக்கிவிட அது போதும். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வரும் இணைப்பிலிருந்து செயலியை நிறுவ வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவதாக வருபவர்கள் பெரும்பாலும் அடுத்த மோசடிக்காரர்கள்.