ஒர்க்கர் எண்ணிக்கையைக் கோடுக்குள் புதைக்காதீர்கள்

பத்தாயிரம் பதிவுகளை ப்ராசஸ் பண்ண வேண்டும் என்றதும் லூப்புக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு திரெட்டோ (ப்ரோக்ராமுக்குள் தனியாக ஓடும் வேலையோட்டம்) கோரூட்டீனோ (கோ மொழியின் இலகுவான திரெட்) கிளப்பிவிடத்தான் கை போகும். இருபது பதிவை வைத்து டெஸ்ட் செய்யும்போது பறக்கும். நிஜ டேட்டா வந்ததும் படுத்துவிடும். கோரூட்டீன் வெறும் 2 கேபி ஸ்டாக்கோடு தொடங்குவதால் நம் பக்கம் பாரம் தெரியாது, அடி வாங்குவது எதிர்ப்பக்கம்: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் டீஃபால்ட்டாக ஏற்பது 100 கனெக்‌ஷன், அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கிவைத்தவை.

அதனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒர்க்கர்களை, அதாவது வேலையை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் திரெட்டுகளையோ கோரூட்டீன்களையோ, ஒரே தடவை கிளப்புங்கள், எல்லோரும் ஒரே கியூவிலிருந்து (வேலைகள் காத்திருக்கும் வரிசை) வேலையை எடுக்கட்டும். கோ மொழியில் இதற்கு ஒரு சானலும் (கோரூட்டீன்களுக்கிடையே டேட்டா அனுப்பும் குழாய்) ஒரு வெயிட்குரூப்பும் (எல்லோரும் முடிக்கும்வரை காத்திருக்க உதவுவது) போதும். சானலை மூடுவது வேலையைப் போடுகிறவரின் பொறுப்பு. ஒர்க்கர் மூடினால் அடுத்த வேலையை அனுப்பும்போது பேனிக் (ஓட்டத்தையே நிறுத்தும் எரர்) வரும். முடிவுகளுக்குத் தனி சானல் வைத்தால் அதைப் படிக்கிற கோரூட்டீனை முதலிலேயே ஓடவிடுங்கள். எல்லா வேலையையும் போட்டு முடித்த பிறகு படித்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒர்க்கர்கள் முடிவைக் கொடுக்க வழியில்லாமல் நிற்க, வேலை போடுகிறவர் ஒர்க்கருக்காக நிற்க, மொத்தமும் உறைந்துபோகும்.

எண்ணிக்கையை என்விரான்மென்ட் வேரியபிளிலோ கான்ஃபிக் ஃபைலிலோ வையுங்கள். இரவில் பிரச்சினை வரும்போது 20ஐ 8 ஆக்க ஒரு புது பில்டு போட வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது. படித்ததும் சரிபாருங்கள்: 0 வந்தால் கியூவிலிருந்து எடுக்க ஆளே இல்லாமல் ப்ரோக்ராம் சத்தமின்றித் தொங்கக்கூடும், ஆகவே 1க்குக் கீழே போனால் தொடக்கத்திலேயே எரர் காட்டி நிறுத்திவிடுங்கள். மேலேயும் ஓர் உச்சவரம்பு வேண்டும். எந்த எண்ணோடு ஓடுகிறது என்று லாகில் ஒரு வரி எழுதுங்கள்.

சரி, எத்தனை வைப்பது? சிபியுவைத் தின்கிற வேலை என்றால் கோர் எண்ணிக்கையைத் தாண்டிப் பெரிய பலன் இல்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது: கன்டெய்னருக்கு (மெஷினின் ஒரு பங்கை மட்டும் கொடுத்து ப்ரோக்ராமை ஓட்டும் பெட்டி) 2 கோர் அளவுக்கே கோட்டா கொடுத்திருந்தாலும், பைத்தானின் சிபியு கவுன்ட் மெஷினின் மொத்த எண்ணிக்கையைச் சொல்லிவிடும். நெட்வொர்க்குக்குக் காத்திருக்கிற வேலைக்கு லிட்டில் விதி நன்றாக உதவும், வேகத்தை நேரத்தால் பெருக்கினால் ஒரே சமயத்தில் எத்தனை வேலை நடக்கும் என்று தெரியும்: ஏபிஐ வினாடிக்கு 50 கோரிக்கை அனுமதிக்கிறது, ஒன்றுக்கு 0.4 வினாடி ஆகிறது என்றால் 20 ஒர்க்கர். இது தொடக்க மதிப்புதான், ஓடவிட்டு அளந்து மாற்றுங்கள். முக்கியமாக, சர்வீஸ் எத்தனை காப்பி ஓடுகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். காப்பிக்கு 30 கனெக்‌ஷன் என்று நாலு காப்பி ஓடினால் 120, மேலே சொன்ன 100ஐத் தாண்டியாயிற்று.

பலரும் கோட்டைவிடுவது கியூவில்தான். ஒர்க்கரைக் கட்டுப்படுத்திவிட்டு கியூவை எல்லையில்லாமல் விட்டால் நெரிசல் மெமரிக்குள் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஜாவாவின் ஃபிக்ஸ்ட் திரெட் பூல், பைத்தானின் திரெட்பூல் எக்ஸிக்யூட்டர் இரண்டிலும் டீஃபால்ட் கியூவுக்கு எல்லை கிடையாது. ஜாவாவில் அளவு வைத்த கியூவைக் கொடுத்து, நிரம்பினால் அனுப்பியவரே வேலையைச் செய்யும் காலர்ரன்ஸ் பாலிசியைப் போடலாம். பைத்தானில் சப்மிட்டுக்கு முன்னால் ஒரு செமஃபோர் (ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் என்று எண்ணி விடும் பூட்டு) பிடித்து, வேலை முடிந்ததும் விடுங்கள். கியூ அளவும் கான்ஃபிக்கில் இருக்கட்டும்.

அப்புறம் எரர். கோ மொழியில் ஓர் ஒர்க்கரில் பிடிக்கப்படாத பேனிக் வந்தால் மொத்த ப்ராசஸும் போய்விடும். பைத்தானில் நேர்மாறாக, ரிசல்ட்டைக் கேட்கும்வரை எக்ஸப்ஷன் ஃபியூச்சருக்குள்ளேயே (பின்னால் வரப்போகும் ரிசல்ட்டைத் தாங்கும் ஆப்ஜெக்ட்) சத்தமில்லாமல் கிடக்கும். இரண்டையும் அந்தந்த வேலையைச் செய்யும் இடத்திலேயே பிடித்து லாக் செய்யுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் டைம்அவுட் கட்டாயம். பதில் வராத கோரிக்கையில் மூன்று ஒர்க்கர் மாட்டிக்கொண்டால், கான்ஃபிக்கில் 8 என்று இருந்தாலும் உண்மையில் ஓடுவது 5தான், இது கியூ நீளத்தையும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒர்க்கர் எண்ணிக்கையையும் மெட்ரிக்காக வெளியிட்டால்தான் கண்ணில் படும்.