இருதய ஆண்டவர் கோவிலைப் பார்க்க ஒரு வழி

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பலர், ரயில் நிலையத்துக்கு அருகே சுப்பையா சாலையில் இருக்கும் தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவின் (திருத்தந்தை சிறப்பு நிலை அளித்த கத்தோலிக்கக் கோவில்) முகப்பைப் படம்பிடித்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். கோவிலின் சிறப்பெல்லாம் உள்ளே விழும் வெளிச்சத்தில்தான் என்பதால், மூட்டமில்லாத ஒரு நாளில், திருப்பலி முடிந்த பின் செல்லுங்கள்.

அதற்கு முன் மிஷன் வீதியிலுள்ள சம்பா கோவிலைப் பார்த்துவிடுவது நல்லது. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்தபோது அங்கிருந்த ஆலயமும் அழிந்தது. பின்னர் எழுப்பப்பட்டு 1791இல் முடிந்த இன்றைய பேராலயத்தில் வளைவுகள் அரைவட்டமானவை, சுவர்கள் கனமானவை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு தெற்கே நடந்து வந்தால், 1907 டிசம்பர் 17 அன்று ஆசீர்வதித்துத் திறக்கப்பட்ட இருதய ஆண்டவர் கோவிலில் எது மாறியிருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

வாசலுக்கு மேலே பொறித்துள்ள லத்தீன் வரி, விவிலியத்தின் குறிப்பேடு இரண்டாம் நூல் 7:16இலிருந்து எடுத்தது. தம் பெயர் என்றும் விளங்க இந்த இல்லத்தைப் புனிதப்படுத்தியதாக ஆண்டவர், ஆலயம் கட்டிய அரசர் சாலமோனிடம் சொல்லும் இடம் அது.

உள்ளே போனதும் பீடத்தை நோக்கி விரையாமல், 24 தூண்களில் ஏதேனும் ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். இரு பக்க வளைவுகளும் கூப்பிய கைகளின் விரல்நுனிபோல உச்சியில் கூராகச் சந்திக்கும். இடைக்கால ஐரோப்பாவின் கட்டடக்கலையான கோத்திக் பாணியின் சூட்சுமம் இதுதான்: அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும், கூர்வளைவோ அதில் பெரும்பகுதியைத் தூண்வழியே கீழே இறக்கிவிடும். சுவருக்குச் சுமை குறைவதால் பெரிய சன்னல்களைத் திறக்க முடிகிறது. அவற்றில்தான் 28 புனிதர்கள் வண்ணக் கண்ணாடியில் நிற்கிறார்கள். கண்ணாடியை மட்டும் பாராமல் கீழேயும் பாருங்கள்; நீலமும் சிவப்பும் பெஞ்சிலிருந்து தரைக்கு மெல்ல நகர்ந்து, முழந்தாளிட்டிருப்பவரின் சேலைத் தலைப்பில் சற்றே தங்கிச் செல்லும். எனக்கு முகப்பைவிட இதுவே பெரிது.

கோவிலின் நீளம் 50 மீட்டர், அகலம் 48 மீட்டர். ஏறத்தாழச் சமமான இந்த அகலம் வாசலில் நிற்பவருக்குப் புலப்படாது. நடுக்கூடத்தில் முன்னேறிச் சென்று இருபுறமும் திரும்பிப் பார்க்க வேண்டும். 2011இல் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தப்பட்ட கோவில் இது. பாதி விரிந்த பட்டுக்குடையும் சிறு மணியும் அத்தகைய கோவில்களுக்குரிய அடையாளங்கள்.

திருப்பயணமாகவே வந்தவர்கள், சுமார் 10 கிலோமீட்டர் மேற்கே உள்ள வில்லியனூர் லூர்து மாதா கோவிலுக்கு மாலையை ஒதுக்கிக்கொள்ளலாம். அங்கே எதிரிலுள்ள திருக்குளத்தையும் பார்க்க, இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.